துரை சொன்னதற்கு அர்த்தம்

வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குத் தமிழ் வராது. கணக்கப்பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டதால், அன்றைக்குப் பங்களா சமையல்காரன் ஞானமுத்துதான் துரைக்கு வாய்.

அடைமழையில் எங்கள் வீடுகளுக்கு மேலே மேட்டு மண் வெடித்து நிற்கிறது, வீடுகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். துரை குடைக்குள் நின்றபடி, "ஐ வில் லுக் இன்டு இட்" என்றார்.

ஞானமுத்து அவர்கள் பக்கம் திரும்பினான். "ஒண்ணும் நடக்காது. இன்னைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு கோயில் மண்டபத்துக்குப் போயிருங்க."

ஆட்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்துத் துரை விசாரித்தார். ஞானமுத்து சொன்னதை ஒளிக்கவில்லை.

"கவனிக்கிறேன் என்றல்லவா சொன்னேன்? அர்த்தத்தை மாற்ற நீ யார்?"

ஞானமுத்து கைகட்டி நின்றான். "போன வருஷமும் துரை இதையேதான் சொன்னீங்க. கணக்கப்பிள்ளை அகராதிப்படி சொன்னாரு. நம்பிக் காத்திருந்த ஆறு பேர் இன்னும் அந்த மண்ணுக்கடியிலதான் இருக்காங்க. நேத்து பங்களாப் புகைபோக்கி அடைச்சப்போ துரை இந்த வார்த்தையைச் சொல்லலை. 'இப்பவே செய்'னீங்க. மத்தியானமே கொத்தனார் வந்துட்டாரு."

துரை சாயங்காலம் ஞானமுத்துவின் சீட்டைக் கிழித்துவிட்டார்.

மூன்றாம் நாள் மேடு சரிந்தது. வீடுகளில் ஆள் இல்லை. அவிழ்க்க மறந்த ஆடு ஒன்றுதான் போயிற்று.

துரை வந்து சேற்றைப் பார்த்தார். அதே வார்த்தையைச் சொன்னார். அர்த்தம் சொல்ல ஞானமுத்து இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.