ஆறு மணி மிஸ்டு கால்

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பூரணத்தம்மாள் என்று ஒரு குரு இருந்தார். வயது நாற்பத்து மூன்று. காவி கட்டியதில்லை. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவர். காலையில் அவருடைய கூடத்துக்கு இருபது பேர் வருவார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு எழுந்து, ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போவார்கள். காய் நறுக்கிக் கொடுப்பது, மாத்திரை வாங்கி வருவது, சும்மா பேசிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான் அங்கே சாதனை.

சீடர்களில் ஒருவர் குற்றாலிங்கம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது அறுபத்தொன்று. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவர் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் கனடாவில் இருந்தாள்.

"அம்மா, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. ஏதாவது மந்திரம் சொல்லுங்க" என்று கேட்டார்.

குரு ஒரு தாளில் ஏழு பெயர்களையும் ஏழு போன் நம்பர்களையும் எழுதிக் கொடுத்தார்.

"எல்லாரும் தனியா இருக்கிறவங்க. தினமும் காலைல போன் பண்ணி, நல்லா இருக்காங்களான்னு கேளுங்க அண்ணாச்சி."

"மந்திரம்?"

"இப்போதைக்கு இதுதான்."

குற்றாலிங்கம் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கடைக்குப் போய் நீள நோட்டு ஒன்று வாங்கினார். கோடு போட்டார். ஏழு பெயர்களையும் அகர வரிசையில் எழுதினார். மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்கு ஆரம்பித்தார். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததும் டிக் அடித்துவிட்டு, "சரி, வைங்க" என்று அடுத்தவருக்குப் போய்விடுவார்.

ஆறு பேர் பொறுத்துக்கொண்டார்கள். ஏழாமவர் வெள்ளத்துரை. எண்பது வயது. அரசு பஸ் டிரைவராக இருந்தவர். பத்தாம் நாள் அவர் பிடித்துக்கொண்டார்.

"வே சாரே, நான் என்ன ஒம்ம கிளாஸ் பையனா? தினமும் நான் செத்துட்டேனா இருக்கேனான்னு பாக்கத்தான போன் போடுதீரு?"

"அப்படி இல்லங்க ஐயா..."

"பொறவு எப்படி? செத்தா நாறும். அப்ப ஊரே வரும். நீரு வைய்யும் போனை!"

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட முடியாது. போன வருஷம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றரை நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர். பால்காரர் சந்தேகப்பட்டுப் பார்த்ததால் பிழைத்தார். இன்னொரு முறை அப்படி ஆனால் யார் பார்ப்பது?

குற்றாலிங்கம் நேரில் போனார். ஜன்னல் மட்டும் திறந்தது.

"இருக்கேன். டிக் அடிச்சுக்கிடும்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. மறுநாள் ஜன்னலும் திறக்கவில்லை.

குற்றாலிங்கம் கோபத்தோடு குருவிடம் வந்தார்.

"அம்மா, உதவி வேண்டாம்னு கதவைச் சாத்துறவருக்கு எப்படி உதவி செய்யிறது?"

குரு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி."

இருவரும் வெள்ளத்துரையின் வீட்டுக்குப் போனார்கள். குரு கதவைத் தட்டினார்.

"யாரு? எனக்கு ஒரு உதவியும் வேண்டாம்!"

"நான் உதவி கேட்டுல்லா வந்திருக்கேன்" என்றார் குரு.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. பனியனும் இடுப்பில் கட்டிய சாரமுமாக வெள்ளத்துரை நின்றார்.

"என்ன உதவி?"

குரு குற்றாலிங்கத்தைக் காட்டினார். "இந்த அண்ணாச்சி வீட்டம்மா தவறி எட்டு மாசம் ஆச்சு. தனியாத்தான் இருக்காங்க. சர்க்கரை இருக்கு. ராத்திரி சாப்பிடுதாங்களோ, வெறும் மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துருதாங்களோ, கேக்க ஒரு ஆள் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு. தினமும் காலைல நீங்க ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாக்கணும்."

குற்றாலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளத்துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். பழுதாகி நிற்கிற வண்டியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"வீடு எங்க?"

"தண்ணி டாங்க் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல."

"ம். ஆறு மணிக்குப் போடுவேன். ரெண்டு ரிங்கு. நல்லா இருந்தீருன்னா நீரும் ரெண்டு ரிங்கு குடுத்துக் கட் பண்ணும். பேச்செல்லாம் வேண்டாம். பத்து நிமிசம் பாப்பேன், என்ன?"

"ஆறு மணியா? நான் ஏழு மணிக்குத்தான்..."

"ஆறுன்னா ஆறு."

திரும்பி வரும் வழியில் குற்றாலிங்கத்துக்கு விஷயம் பிடிபட்டது. வெட்கம் போய்ச் சிரிப்பு வந்தது.

"நல்ல தந்திரம்மா! அவர்தான் என்னைப் பாத்துக்கிடுதாருன்னு நினைச்சுக்கிடுவாரு. நமக்கு அவர் உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சுபோகும்."

குரு ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

அன்று முதல் ஆறு மணிக்கு இரண்டு ரிங். குற்றாலிங்கமும் இரண்டு ரிங் கொடுப்பார். வெறும் ஏற்பாடு என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு மாதத்தில் ஐந்தே முக்காலுக்கே விழிப்பு வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஒரு நாள் ரிங் மூன்று நிமிஷம் தாமதமானபோது எழுந்து சட்டையை மாட்டிவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள். முந்தின இரவு சமைக்கச் சலிப்பாக இருந்தது. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் விழிப்பு வந்தபோது உடம்பெல்லாம் வேர்வை. கட்டிலிலிருந்து கால் வைத்தவர் அப்படியே தரையில் சரிந்தார். வாய் குழறியது. போன் அலமாரி மேல் இருந்தது. நாலடி தூரம்தான், போக முடியவில்லை.

இரண்டு ரிங் வந்தது. நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு ரிங். பிறகு விடாமல் முழுசாக அடித்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தார். அதே பனியன், அதே சாரம். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் யாருடையதோ.

"பெரியவர் உங்க கதவை உடைக்க வச்சிருக்கார்" என்றார் டாக்டர். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாம போயிருக்கும்."

வெள்ளத்துரை போன வருஷம் குளியலறையில் விழுந்ததிலிருந்து தெரு முனையைத் தாண்டியதில்லை. அன்று அவர் நடு ரோட்டில் நின்று கையை விரித்து ஆட்டோவை மறித்திருக்கிறார். ஆட்டோக்காரரை ஸ்பீடு பத்தாது என்று வழி நெடுகத் திட்டியிருக்கிறார். இது பிறகு ஆட்டோக்காரரே சொன்னது.

குற்றாலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. மனைவி போன அன்று வராத அழுகை.

"அண்ணாச்சி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப்போறேன்..."

"நீரு எதுக்குவே சொல்லணும்? நான்லா சொல்லணும்! என் காலு இன்னும் ஓடும்னு இன்னைக்குத்தான தெரிஞ்சது." அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். "இந்தாரும், இட்லியைத் தின்னும். ராத்திரி பட்டினி கிடந்தா இனிமே நான் மிஸ்டு கால்லாம் குடுக்க மாட்டேன். நேரா வந்து உதைப்பேன்."

இரண்டு நாள் அவர் அந்த ஸ்டூலை விட்டு நகரவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் குற்றாலிங்கம் கூடத்துக்கு வந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, குருவின் முன் கைகூப்பி நின்றார்.

"அம்மா, அன்னைக்கு அவர் வீட்டு வாசல்ல நீங்க ஒரு பொய் சொன்னீங்க. அந்தப் பொய்தான் என் உசுரைக் காப்பாத்துச்சு."

"எது அண்ணாச்சி பொய்?"

"நான் தனியா இருக்கேன்னு..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "வெறும் மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துருதேன்னு..." அதையும் முடிக்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொன்னீங்களே அம்மா. அது?"

"உங்களை நினைச்சா ராத்திரி எனக்குத் தூக்கமே வராது."

"அப்ப எனக்கு அந்த ஏழு பேரைக் குடுத்தது?"

குரு சொன்னார்:

"இந்த ஊர்ல தனியா இருக்கிறவங்க எட்டு பேர் அண்ணாச்சி. ஏழு பேரை உங்க கையில குடுத்துட்டேன். எட்டாவது ஆளைக் குடுக்கத்தான் ஒரு கை தேடிக்கிட்டிருந்தேன்."