காராமணி வேரைத் திறந்த நாள்

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் காராமணியும், அவள் அக்கா முறை வைத்து அழைத்த சோளத்தக்காளும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். காற்றில் கரியமில வாயுவாய்க் கலந்திருக்கும் கரியை இலையால் இழுத்து, வெயிலில் சர்க்கரையாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். கடவுள் சொல்லிக்கொடுத்த சமையல் அது.

ஒரு கோடையில் மலைக்காடு பற்றிக்கொண்டது. புகை கலைந்த பிறகும் தீ விட்டுப்போன கரிக்காற்று அடிவாரத்தை விட்டு நகரவே இல்லை. செடிகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

"அடியே காராமணி, இழு, இழு! இப்படி ஒரு விருந்து இனி எங்கே வரப்போகுது!" என்று சோளத்தக்காள் ஆடினாள்.

காராமணியும் சமைத்தாள். இலையெல்லாம் சர்க்கரை, வைக்க இடமில்லை! ஆனால் தன் காய்களைத் தொட்டுப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. உள்ளே பருப்பே பிடிக்கவில்லை. பருப்புக்குச் சர்க்கரை மட்டும் போதுமா? தழைச்சத்தும் வேண்டுமே! மண்ணில் இருந்ததையெல்லாம் இருவருமாக எப்போதோ உறிஞ்சித் தீர்த்துவிட்டார்கள்.

"ஐயோ சாமி, என் பிள்ளைங்க பொக்காவே போயிடுமா?"

அப்போது வேரோரம் ஒரு குரல். "அம்மா, கதவைத் திறங்க." கண்ணுக்கே தெரியாத மண்ணுயிர்கள்! "காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிக்க எங்களுக்குத் தெரியும். பட்டினியில கை ஓடலை. சர்க்கரை குடுங்க, பிடிச்சுத் தர்றோம்."

"திறந்துடாதடி! வேரைத் திறந்தவ அழுகித்தான் போவா!" சோளத்தக்காள் அலறினாள். "நாளைக்குக் கரையான் வந்தாலும் பந்தி போடுவியா நீ?"

காராமணி தன் காய்களைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். வேரைத் திறந்துவிட்டாள்!

அடேயப்பா, திமுதிமுவென்று நுழைந்தார்கள்! வேர் அங்கங்கே வீங்கிச் சின்னச் சின்ன அறைகளாயிற்று. வலியைப் பொறுத்துக்கொண்டு, இலையில் முடங்கிக் கிடந்த சர்க்கரையைக் கீழே இறக்கினாள். தின்றார்கள், தெம்பானார்கள், வேலையில் இறங்கினார்கள். தழைச்சத்து மளமளவென்று மேலே ஏறியது. ஒவ்வொரு காயும் புடைத்துக்கொண்டது!

சோளத்தக்காளோ உயரமாக நின்றாளே தவிர, இலை வெளுத்து, கதிர் சோடையாகிவிட்டது.

"ஏண்டி, எனக்கும் ரெண்டு பேரை அனுப்பேன்."

"அவங்க என் வீட்டை விட்டு வரமாட்டாங்கக்கா. நான் காய்ஞ்சு போறப்ப மிச்சத் தழைச்சத்தை மண்ணுல விட்டுட்டுப் போறேன், எடுத்துக்கோ."

அன்று முதல்தான் காராமணியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு, அவர்கள் வேலை நடக்கிற அடையாளம். காற்றில் கரி கூடும்போதெல்லாம் அவள் இன்றைக்கும் முதல் கரண்டிச் சர்க்கரையைக் கீழே அவர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் தன் காய்களுக்கு ஊட்டுகிறாள்.