பரங்கிப் புறா

முன்னொரு காலத்தில், புனித நகரம் யாருக்கு என்று சிலுவைப் படையும் இஸ்லாமியப் படையும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டிருந்த நாளில், மர்வாத் என்ற நாட்டைச் சுல்தான் பைதார் ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதே அவருக்கு நியாயம்.

அவருடைய மந்திரி யூஹன்னா ஒரு கிறிஸ்தவர். மேற்கே ஆற்றங்கரையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த சிலுவைப் படைப் பரங்கியரும் கிறிஸ்தவர்கள். ஆனால் யூஹன்னாவின் பாட்டனுக்குப் பாட்டனே மர்வாத்தில் பிறந்தவர். அவருடைய மதத்தார் முந்நூறு குடும்பங்கள் அங்கே ஒரே தெருவில் இருந்தார்கள். பரங்கியர் மதிலேற வந்தபோது மேலே நின்று கல்லெறிந்தவர்களில் அவர்களும் உண்டு.

வல்லூறுப் படையின் தலைவன் ஸஃப்வானுக்கு மந்திரி பதவிமேல் ஒரு கண். அந்தக் காலத்துப் போரில் புறா கடிதம் கொண்டுபோகும், வல்லூறு அதை நடுவானில் அடித்துத் தள்ளும். தன் வல்லூறுக்குத் தப்பிய புறா கிடையாது என்று ஸஃப்வான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

ஒரு நாள் அவன் கையில் ஒரு சாம்பல் நிறப் புறாவோடு அரசவைக்குள் நுழைந்தான். அதன் இறக்கையில் ரத்தம். காலில் ஒரு சுருள்.

"சுல்தானே, இது கிறிஸ்தவர் தெருவிலிருந்து கிளம்பிப் பரங்கிக் கோட்டையைப் பார்த்துப் பறந்தது. என் வல்லூறு உயிரோடு பிடித்து வந்தது. கடிதத்தைப் படித்துப் பாருங்கள்."

'அமாவாசையன்று கிழக்கு வாசல் திறந்திருக்கும். யூஹன்னா' என்று அதில் இருந்தது.

சுல்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "மந்திரியின் தலையை எடுங்கள். அந்தத் தெருவையே காலி செய்து பாலைவனத்துக்குத் துரத்துங்கள்."

யூஹன்னா நடுங்கவில்லை. "தலை எங்கே ஓடப்போகிறது? அதற்குமுன் தளபதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கடிதப் புறா எங்கே போகும்?"

"வளர்ந்த கூட்டுக்குப் போகும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நான் பரங்கியருக்கு அனுப்பியது என்றால், இது அவர்கள் கோட்டையில் வளர்ந்த புறா. அப்படித்தானே?"

"அதிலென்ன சந்தேகம்? அசல் பரங்கிப் புறா."

"சுல்தானே, இறக்கை ஆறியதும் இதைப் பறக்கவிடுங்கள். மேற்கே போனால் நானே கழுத்தை நீட்டுகிறேன். அதுவரை என்னைச் சிறையில் போடுங்கள். என் தெருவை மட்டும் தொடாதீர்கள்."

ஸஃப்வான் புறாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வல்லூறைப் பழக்குவதற்கென்று அவன் தன் வீட்டு மாடியில் புறா வளர்த்து வந்தான். கையில் இருந்தது அங்கே பொரித்த குஞ்சு. கொன்று கொண்டுவந்திருந்தால் கதை முடிந்திருக்கும். உயிரோடு பிடித்த பெருமையைக் காட்ட ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டான்.

"இது பிழைக்காது, சுல்தானே. நானே கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறேன்."

"உமக்கு எதற்கு அந்தச் சிரமம்?" என்றார் சுல்தான். இன்னொரு புத்தி வந்துவிட்டது அவருக்கு. "யாரையும் நம்பமாட்டேன். நானே வளர்க்கிறேன்."

நாட்டை ஆளும் கை ஒன்பது நாள் புறாவுக்கு வாற்கோதுமை போட்டது. மூன்றாம் நாள் ஸஃப்வான் வந்து, "பரங்கிப் புறாவை மிளகு போட்டு வறுத்தால் போரில் வெற்றி நிச்சயம் என்கிறார்கள்" என்றான். "உம்மை வறுத்தால்?" என்று கேட்டார் சுல்தான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் கிறிஸ்தவர் தெருவில் அடுப்பு சரியாக எரியவில்லை. உத்தரவு எப்போது வருமோ என்று மூட்டை கட்டிக் கழுதைமேல் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சிறையிலிருந்த யூஹன்னாவிடம் அவர் மனைவி மர்த்தா வந்து, "இன்று ராத்திரியே எல்லோரும் ஓடிவிடலாமா?" என்று கேட்டாள். "ஓடினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது, சொல்லிவிடு" என்றார் அவர்.

பத்தாம் நாள் காலையில் அரண்மனை மாடியில் சபையே கூடியது. விலங்கோடு யூஹன்னாவைக் கொண்டுவந்தார்கள். சுல்தான் தன் கையாலேயே புறாவை விட்டார். அது மேலே ஏறியது. நேராக மேற்கே போனது. மதிலைத் தாண்டியது.

"பார்த்தீர்களா?" என்று துள்ளினான் ஸஃப்வான். வாள்காரன் ஒரு அடி முன்னால் வைத்தான். யூஹன்னா புறாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

புறா ஊர் அடையாளம் பார்த்து ஒரு பெரிய வட்டம் போட்டது. திரும்பியது. கிறிஸ்தவர் தெருவைக் கடந்து, பள்ளிவாசல் மினாராவைச் சுற்றி, அரண்மனைக்குப் பின்னால் மூன்றாவது வீட்டு மாடியில் இறங்கி, மற்றப் புறாக்களோடு கூண்டுக்குள் புகுந்துகொண்டது. அது ஸஃப்வானின் வீடு.

சுல்தான் மெல்லக் கேட்டார்: "பரங்கிக் கோட்டை என் வீட்டுக்குப் பின்னால் எப்போது வந்தது, ஸஃப்வான்?"

அவன் காலில் விழுந்தான். சுல்தான் அவனுடைய வல்லூறுகளைப் பறித்துக்கொண்டு, அரண்மனைப் புறாக்கூடுகளைத் தினமும் கழுவும் வேலையைக் கொடுத்தார். விலங்கைக் கழற்றி யூஹன்னாவுக்குப் பட்டு போர்த்தினார்.

"உம் மதியே மதி. சரி, ஒன்று கேட்கிறேன். வல்லூறின் நகம் இன்னும் ஒரு விரற்கடை ஆழமாக இறங்கிப் புறா செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

"நான் செய்ய என்ன இருக்கிறது, சுல்தானே? என் தலை மண்ணில் கிடக்கும். என் ஜனங்கள் பாலைவனத்தில் தண்ணீர் தேடுவார்கள். நீங்கள் நியாயம் செய்துவிட்ட நிம்மதியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்."

வாள்காரன் சுல்தானின் முகத்தைப் பார்த்தான், உத்தரவு வருமா என்று. சுல்தான் அவனைக் கையசைத்து விலக்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சுல்தான்களுக்கு அது அடிக்கடி வருவதில்லை.

பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பல்லக்கைக் கூப்பிடாமல், கிறிஸ்தவர் தெருவுக்கு நடந்தே போனார். முதல் வீட்டு வாசலில் நின்ற கழுதையின் மூட்டைக் கயிற்றைத் தாமே அவிழ்க்கத் தொடங்கினார். தெருவின் கடைசி வீட்டுக்கு அவர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.