ஐந்து வேகத்தடையும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்

கவுன்சிலர் தனுஷ்கோடி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் தவளை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும். தன் மாளிகை முன் ஊரே பம்மிப் போகட்டும் என்று அவர் போட்டுவைத்த ஐந்து வேகத்தடைகளில் முதலாவதிலேயே அது வயிறு தட்டி நின்றது. அவற்றை எடுக்கச் சொல்லித் தெருக்காரர்கள் மூன்று வருஷமாக மனு கொடுத்தார்கள். "மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது" என்பதுதான் அவர் பதில்.

மெக்கானிக் சவரிமுத்துவை வரவழைத்தார். "வண்டிய ஒரு இஞ்ச் உயர்த்தக் கூடாது. அடியில கீறல் விழக் கூடாது. சாயங்காலம் என் வாசல்ல நிக்கணும். என்ன செய்வியோ எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனார்.

திரும்பியபோது கார் வாசலில் பளபளத்தது. பக்கத்தில் கடப்பாரையோடு தெருவே நின்றது.

"வண்டிய உயர்த்தலைங்க, தெருவைத்தான் இறக்கினோம்," என்றார் சவரிமுத்து. "மெதுவாத்தான் உடைச்சோம். ஒண்ணும் ஆகலை."