கூடத்துப் பலகைகள்

"கூடத்துத் தரையை இழைச்சுப் பாலிஷ் போட்டுடலாமாம்மா?" என்று பூவராகன் கேட்டார்.

அபரஞ்சி அம்மாள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

கோத்தகிரிக்கு மேலே, யாரோ ஒரு தேயிலைத் துரை கட்டிவிட்டுப் போன பழைய பங்களாதான் அம்மாளின் ஆசிரமம். தியானக் கூடம் முழுக்கத் தேக்குப் பலகை. நடந்து நடந்து பலகைகள் தேய்ந்து, சிராய் கிளம்பிக் கிடந்தன. முந்தின நாள் விழுந்து கும்பிட்ட ஒரு பெண்ணின் முழங்காலில் சிராய் ஆழமாக ஏறிவிட்டது.

பூவராகன் கோயம்புத்தூரில் மரவேலை செய்தவர். மனைவி போன பிறகு இங்கே வந்து சீடராகத் தங்கிவிட்டார். அம்மாளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"அந்தப் பொண்ணுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று அம்மாள் கேட்டார்.

"அழுதுடுச்சும்மா."

 அம்மாள், வாசலிலிருந்து தன் ஆசனம் வரைக்கும் உள்ள இடத்தையும் இழைப்பாரா என்று விசாரித்தார். எல்லாவற்றையும்தான், ஒரு மேடு பள்ளம் இருக்காது என்றார் பூவராகன்.

"சரி. செய்ங்க."

மறுநாளே பூவராகன் தியானத்தை வராந்தாவுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். மெஷினை வாடகைக்கு எடுத்தால் சீக்கிரம் முடியும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அம்மா கால் வைக்கிற இடம், கையாலேயே தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

துருத்திய ஆணிகளை உள்ளே அடித்து இறக்கினார். இழைப்புளி போட்டு இழைத்தார். இடுக்குகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைசான உப்புத்தாள்.

வாசலிலிருந்து ஆசனம் வரைக்கும்தான் மோசமாக இருந்தது. ஒருவர் நடக்கிற அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை போலக் குழிந்திருந்தது. சுற்றியிருந்த பலகைகளையும் இழைத்து இறக்கி, அந்தக் குழிவு தெரியாமல் சமன் செய்தார். முழங்கால் வீங்கிப்போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வார்னிஷ் காய்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எங்குமே தட்டவில்லை.

மறுநாள் காலையில் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மாள் உள்ளே வந்தார்.

இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார்.

தரையின் அழகைப் பார்த்து நிற்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மாளின் வலது பாதம் மட்டும் முன்னும் பக்கவாட்டிலும் மெல்லத் துழாவியது. பிறகு, ஆசனம் இருந்த பக்கத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

ஜன்னல் வழியாக வெயில் நேராக முகத்தில் அடித்தது. அம்மாளின் கண்கள் கூசவில்லை.

 பூவராகன் எழுந்து பக்கத்தில் போனார்.

"எப்போலேருந்தும்மா?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"பார்வை கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வந்துச்சு. போன மழைக்காலத்தோட முழுசா நின்னுபோச்சு."

"ஐயோ, உங்க வழியையே இழைச்சு எடுத்துட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பலகைகளை மட்டும் விட்டிருப்பேனேம்மா."

"அங்கேயும்தானே ஜனங்க வந்து விழறாங்க."

அம்மாள் பாதத்தால் தரையை ஒருதரம் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வழவழன்னு இருக்கு."



"அந்த வழி இருந்த வரைக்கும் நான் யார் கையையும் பிடிச்சதில்ல, பூவராகன்" என்று சொல்லிவிட்டு அம்மாள் கையை நீட்டினார்.

கை பூவராகன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீண்டது.

அவர் நகர்ந்து அந்தக் கைக்கு நேராக வந்து நின்றார்.