நாற்பத்து நாலு கிலோ

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உடனே வராது. மூன்று முறை கீழே விழுந்த பிறகுதான் வரும். அதுவரை ஒருத்தியும் பல்லைக் காட்டக் கூடாது என்று இன்பராணி மாஸ்டர் அணிக்குச் சொல்லியிருந்தார். பொன்வேணிக்கு மட்டும் சொல்லவில்லை.

பொன்வேணி அந்த மகளிர் கபடி அணியின் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது அவள் வேலை. டவுன் ஜிம்மில் தரையிலிருந்து நூறு கிலோ தூக்குவாள். மாஸ்டர் மைதானத்தில் செய்யச் சொல்கிற டயர் இழுப்பு, தவழ்ந்து ஓடுவது, ஆளை ஆள் சுமந்து நடப்பது எல்லாம் அவளுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. அந்த நேரத்தில் ஜிம்முக்குப் போய்விடுவாள்.

போன மேட்ச்சில் மூன்று பேரைப் பிடித்தாள். மூன்று பேரும் பத்திரமாகத் தங்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள். பொன்வேணிக்கு இருபத்தாறு வயது. இன்னொரு தடவை வந்து பார்ப்பார்கள் என்று அவளே நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கரும்பலகையில் ஏழு பெயர்கள் இருந்தன. கடைசியாக, லெஃப்ட் கார்னருக்கு நேரே சில்வியா.

சில்வியாவுக்குப் பதினேழு வயது. ஈரத் துணியோடு எடை மிஷினில் ஏறினாலும் முள் நாற்பத்து நாலைத் தாண்டாது. ஆனால் எந்தக் குரலும் அவள் தொண்டைக்கு வரும். ஒருநாள் மாஸ்டர் குரலில் "இன்னும் ரெண்டு ரவுண்டு" என்று சொல்லி அணியையே ஓடவிட்டு, நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள்.

பொன்வேணி நேரே மாஸ்டரிடம் போனாள். இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"ராணி, என்னடி இது?"

"கோட்டுக்கு உள்ளே நிக்கிறே."

பொன்வேணி குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு உள்ளேதான் நின்றாள். அங்கே ராணி கிடையாது, மாஸ்டர்தான்.

"என்னது இது, மாஸ்டர்?"

"பட்டியல்."

"நான் நூறு கிலோ தூக்குறேன். அந்தப் பொடிசு எவ்வளவு தூக்குவா?"

"தெரியாது."

"அப்புறம் எதை வச்சு அவ பேரை எழுதினீங்க?"

மாஸ்டர் மைதானத்தின் நடுவே கையைக் காட்டினார். இரண்டு நெல் சாக்கைச் சேர்த்துத் தைத்த ஒரு மூட்டை கிடந்தது. வாய் கட்டியிருந்தது.

"நாற்பத்து நாலு கிலோ. இங்கேருந்து அந்தக் கோட்டுக்குக் கொண்டு போ. உன் பேரை எழுதுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பொன்வேணி ஜிம்மில் நிற்பது போலவே நின்றாள். காலை அகட்டினாள். முதுகை நிமிர்த்தினாள். மூச்சைப் பிடித்தாள். மூட்டை இடுப்பு வரை சுலபமாக வந்தது.

பிறகு உதைத்தது.

மூட்டை ஒரு பக்கம், பொன்வேணி ஒரு பக்கம். கபடிக்காக உழுதுபோட்ட மண், அடிபடவில்லை.

"மே," என்றது மூட்டை.

"மாஸ்டர், உள்ளே ஆடு!"

"மூட்டைன்னுதான் சொன்னேன்."

அணியில் ஒருத்தி அவிழாத ஷூ லேஸைக் கட்ட உட்கார்ந்தாள். இன்னொருத்திக்கு இருமல் வந்தது.

இரண்டாம் முறை பொன்வேணி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இறுக்க இறுக்க மூட்டை துவண்டது. எண்ணெய் தடவின மாதிரி கைக்குள்ளேயே கீழே இறங்கி, காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மூன்றாம் முறை தோளில் ஏற்றினாள். எட்டு அடி நடந்தாள். மூட்டை பாதியில் திரும்பிப் படுத்தது. அவளும் கூடவே திரும்பி மண்ணில் உட்கார்ந்தாள். மூக்கில் மண். ரிப்பன் ஒரு பக்கம் தொங்கியது.

"கொஞ்ச நேரம் அசையாம இருந்தா போதும் மாஸ்டர், நான் தூக்கிடுவேன்."

"சொல்லிப் பாரு."

பொன்வேணி மூட்டையின் பக்கம் குனிந்தாள். "ஏய், சனியனே. சும்மா கிட."

"மே," என்றது மூட்டை, ரொம்ப மரியாதையாக.

லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் மற்ற ஷூவையும் கட்ட ஆரம்பித்தாள்.

பொன்வேணி மூக்கிலிருந்த மண்ணைத் துடைத்தாள். கரும்பலகை எதிரே தெரிந்தது. ஏழாவது பெயர் தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது; மண் விழுந்ததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலாம் முறை அவள் காலை அகட்டவில்லை. மண்டிபோட்டு, கையை மூட்டையின் மேல் சும்மா வைத்தாள். உள்ளே மூச்சு ஏறி இறங்கியது. ஏறி நின்ற ஒரு நொடியில் அது புரளப் போகிறது என்று கைக்குத் தெரிந்தது. புரண்டது. அவள் தடுக்காமல் கூடப் போனாள். புரண்டு முடித்த இடத்தில் மூட்டை அவள் மடியில் இருந்தது.

எழுந்தாள். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தாள். துவண்டால் முட்டியை மடக்கி வாங்கிக்கொண்டாள். நேர்வழியே இல்லை. குடித்தவள் நடை. ஆனாலும் கோடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அணியில் யாரும் இப்போது இருமவில்லை.

கோட்டைத் தாண்டும்போது முகத்தைச் சாக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தைல வாசனை அடித்தது. முட்டிவலிக்குத் தேய்க்கிற தைலம்.

தாண்டி நின்றாள். முதல் மூன்று முறை போல் போடவில்லை. மெதுவாக இறக்கி வைத்தாள்.

"மாஸ்டர்."

"ம்."

"ஆடு முட்டிக்குத் தைலம் தேய்க்குமா?"

"தெரியாது."

"லெஃப்ட் கார்னர், பொன்வேணி," என்றது மாஸ்டரின் குரல். "எழுதிக்கோ."

மாஸ்டரின் வாய் மூடியிருந்தது. குரல் கீழேயிருந்து வந்தது. சாக்பீஸை எடுத்து அந்தக் குரல் சொன்னபடியே மாஸ்டர் எழுதினார்.

பொன்வேணி கரும்பலகையைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். நாற்பத்து நாலு.

"உள்ளே ஆளுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் அப்படித் தூக்கியிருக்க மாட்டேனே, மாஸ்டர்."

மாஸ்டர் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார்.

"போன மேட்ச்சில ஆளுன்னு தெரிஞ்சுதானே பிடிச்சே?"

பொன்வேணி மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்க்கக் குனிந்தாள். மூட்டை சிரித்தது.