வாசலில் தொங்கிய கற்றாழை

செடிகொடிகளுக்கு வாயும் காலும் இருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு புல்கூட வேர்விட்டதில்லை. ஆடிக் காற்று அடித்தால் மணல் எழுந்து நடக்கும். இந்த ஆண்டு இங்கே மேடு, அடுத்த ஆண்டு அங்கே. அப்படி நடந்து வந்த மணல் பேச்சிக்கனியின் முற்றத்தை மூடிவிட்டு வாசற்படிக்கு வந்திருந்தது. இன்னொரு ஆடி வந்தால் வீடே மண்ணுக்குள் போய்விடும். "பேசாம வேற ஊருக்குப் போயிருவோம்ட்டி" என்று அவள் கணவன் சொரிமுத்து சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அசையவில்லை. கட்டிய வீட்டை மணலுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மேற்கே வரிசையாகச் செடி நட்டால் மணல் நின்றுவிடும். எந்தச் செடியை நடுவது என்பதில்தான் சிக்கல். போன வருடம் ஆற்றங்கரை வாழை வந்து, "கொஞ்சம் தண்ணி போதும்" என்று தேனாகப் பேசியது. நம்பி நட்டார்கள். பத்தே நாளில் கிணறும் வற்றியது, வாழையும் சாய்ந்தது.

இந்தத் தை மாதம் செம்பருத்தி வந்தது. "காலையில ரெண்டு குடம், சாயங்காலம் ரெண்டு குடம். கொஞ்சம் நிழலும் வேணும்" என்றது.

"எனக்கே நிழல் இல்ல" என்று பேச்சிக்கனி அனுப்பிவிட்டாள்.

மல்லிகை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போனது. கடைசியாக வந்தது கற்றாழை. பூவும் இல்லை, மணமும் இல்லை, ஓரமெல்லாம் முள்.

"உனக்கு எத்தனை குடம் வேணும்?"

"மழை பெஞ்சா குடிச்சுக்கிடுவேன் அக்கா."

"பெய்யலைன்னா?"

"முன்ன குடிச்சது உள்ள கெடக்கும்லா."

சொரிமுத்து சிரித்தான். "வர்ற அன்னைக்கு எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க."

கற்றாழைக்குக் கோபம் வரவில்லை. "அப்போ என்னைய மண்ணுலயே வைக்காதீங்க. இந்த வாசல்ல தலைகீழாக் கட்டிப் போடுங்க. சித்திரை வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க. உசுரோட இருந்தா எடுத்து மண்ணுல நடுங்க."

சித்திரையில் அது செத்துக் கிடந்தால் ஆடிக்குள் வேறு செடி தேடி நட நேரம் இருக்காது. மூட்டை கட்ட வேண்டியதுதான். பேச்சிக்கனிக்கு அது தெரியும். தெரிந்தேதான் கயிறு எடுத்து வந்து கட்டினாள்.

மாசியில் அடி மடல்கள் சுருங்கின. பங்குனி வெயிலில் செடி முழுக்கச் சிவந்து மெலிந்தது. "முடிஞ்சு போச்சுட்டி" என்றான் சொரிமுத்து. அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு வந்து உயர்த்தினாள்.

"ஊத்தாதீங்க அக்கா" என்றது கற்றாழை, மெல்லிய குரலில். "இப்ப ஊத்திட்டா, ஆடியிலயும் ஊத்த வேண்டி வருமோன்னு உங்களுக்குப் பயமாவே இருக்கும்."

பேச்சிக்கனி செம்பை இறக்கி, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். சண்டித்தனத்தில் தன்னை மிஞ்சிய ஒன்றை அவள் அன்றுதான் பார்த்தாள்.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் அவள் கதவைத் திறந்தபோது, கவிழ்ந்து தொங்கிய செடியிலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு, வளைந்து வானத்தைப் பார்த்து நின்றது. அதன் நுனியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. அவள் அழுதேவிட்டாள். சொரிமுத்து மண்வெட்டியைத் தேடினான்.

கற்றாழை தன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டி வந்தது. மேற்கே மூன்று வரிசை நட்டார்கள். ஆடிக் காற்று வந்தது. மணல் எழுந்தது, முள்ளோரம் வரை நடந்தது, அங்கேயே குவிந்து உட்கார்ந்துவிட்டது. காற்று அடங்கியதும் பேச்சிக்கனி வாசலைக் கூட்டினாள். ஒரு கைப்பிடி மணல்தான் சேர்ந்தது.

அன்றே அவள் கயிற்றை எடுத்தாள். "திரும்ப எதுக்குட்டி?" என்றான் சொரிமுத்து.

"இனிமே நடச் சொல்லி வர்ற செடியெல்லாம் முதல்ல இதப் பாத்துட்டு அப்புறம் பேசட்டும்."

"நான் தொங்குதேன்" என்று ஒரு கற்றாழைக் கன்று முந்திக்கொண்டு வந்தது.

கண் படாமல் இருக்கக் கட்டுவதாக இப்போது சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாசலில் கற்றாழையைத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் அன்று தொடங்கியதுதான். அதைப் பார்த்த பிறகு, குடக்கணக்கில் தண்ணீர் கேட்கும் எந்தச் செடியும் அந்த வாசலில் வந்து வாய் திறக்கவில்லை.